பதில்: ஆக்ரா கோட்டையில் எது அக்பர் கட்டியது?

சிவப்புக் கல் என்றால் அக்பர், வெள்ளை என்றால் ஷாஜகான் என்று பிரித்து, உங்கள் கோட்டைப் படங்களுக்குப் பெயர் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். மன்னர் மக்களைச் சந்தித்த திவான்-இ-ஆம் மண்டபத்தில் அந்தப் பிரிப்பு சறுக்கிவிடும். ஷாஜகான் கால மண்டபம்தான், ஆனால் உள்ளே செம்மணற்கல். மேலே வெள்ளைச் சுண்ணப்பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

நிறத்தை விட்டு, தூணும் கூரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். மரவேலைபோல் செதுக்கிய போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்), அதன்மேல் நேர் உத்தரம் என்றால் பெரும்பாலும் அக்பர். விளிம்பில் இதழ் இதழாக வெட்டிய வளைவு என்றால் ஷாஜகான்.

உங்கள் மூன்றாவது படம் ஜஹாங்கீரி மஹால். பெயரை நம்பாதீர்கள், அக்பர் கட்டியதுதான். முன்னால் கிடக்கும் ஒற்றைக்கல் தொட்டி மட்டும் ஜஹாங்கீருடையது. யமுனைப் பக்கம் வளைந்த தங்க முலாம் கூரை தெரிகிற படம் காஸ் மஹால் என்ற அரண்மனையை ஒட்டிய மண்டபம், அது ஷாஜகான் கட்டியது.