புத்தி சொல்ல ஆள் நிறைய உண்டு

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்பவரின் மகளுக்கு 17 வயது, ஐந்து மாதக் கர்ப்பம். சரியாகச் சாப்பிடுவதில்லை, பேச்சில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கிறாளாம். இதே வயதில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணைப் பேச அனுப்புவதாக ஒரு தொண்டு நிறுவனம் சொல்கிறது. தானே தடுக்கி விழுந்தவள் இவளை எப்படித் தூக்கிவிடுவாள்? பெரியவர்கள் நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதாதா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நாலு வார்த்தையா? அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை எல்லோருமாக இந்நேரம் நாலாயிரம் வார்த்தை சொல்லி முடித்திருப்பார்கள். அதில் பாதி, 'இப்படிப் பண்ணிட்டியேடி' என்பதாக இருந்திருக்கும். அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வரப்போகிறவள் புத்தி சொல்ல வரவில்லை. "குழந்தை முதல்ல அசைஞ்சப்போ எனக்குச் சந்தோஷம் வரல, பயம்தான் வந்துச்சு. உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க வருகிறாள். நீங்களோ நானோ இப்படிக் கேட்க முடியுமா? கேட்டாலும் பதில் வராது. 'இந்தக் குழந்தை வேண்டாம்னு தோணுது' என்பதை அம்மாவிடம் சொன்னால் அடி விழும், நர்ஸிடம் சொன்னால் திட்டு விழும். மாதாமாதம் எடையும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் அட்டையில் ஏறுகின்றன. ராத்திரி தூங்கினாயா என்று கேட்டு எழுத அதில் ஒரு கட்டம் இருக்கிறதா, பாருங்கள்.

கோவாவில் சங்கத் என்ற அமைப்பு இதைச் சோதித்தே பார்த்தது. மனச்சோர்வில் இருந்த 280 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு அதோடு அதே ஊர்ப் பெண் ஒருத்தியின் துணை. அவளுக்கு 'சகி' என்று பெயர். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பெண். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் சோர்விலிருந்து மீண்டவர்கள், சகி வந்த பக்கம் 73 சதவீதம், வராத பக்கம் 60. 2019இல் வெளியான முடிவு இது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் இதே முறைக்கு ஆறாம் மாதத்தில் அவ்வளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இடத்திலும் பங்கேற்றவர்கள் 18 வயது நிரம்பிய பெண்கள். 17 வயதுக்காரிக்குத் தன் வயதை ஒட்டிய துணை இன்னும் அதிகமாகத் தேவைப்படும் என்பது என் கணிப்பு.

அதற்காக யாரையாவது அனுப்பிவிடலாம் என்றில்லை. வருபவள் தன் சோர்விலிருந்து வெளியே வந்தவளா, அவள் சொல்வதைக் கேட்டு அவளை வழிநடத்த ஒரு ஆலோசகர் இருக்கிறாரா என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். 'செத்துப்போகலாம்னு இருக்கு' என்ற பேச்சு வந்தால் அதை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ராத்திரி நேரமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசில்லை.

இன்னொன்று: வயது 18க்குக் கீழே என்பதால் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஆகவே, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று துணைக்கு வருபவள் சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது. இந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் பெண்ணை ஆஸ்பத்திரிக்கே அனுப்பாமல் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். உள்ளே கிடந்தால் சோர்வு கூடும், ரத்தசோகையும் கவனிப்பாரில்லாமல் முற்றும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அவர்கள் வீடு ஒற்றை அறையாக இருந்தால், துணைக்கு வருபவள் பேச வரும் நாளில் இவளுடைய அம்மாவை உங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுங்கள்.