கடைசிப் பத்து நிமிடம்

கேள்வி: அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 46. திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. எனக்கு ஒரே பைத்தியம், சின்னச் சின்ன நகைச்சுவை நாடகங்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய அரங்கில் உள்ளூர் இளைஞர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை முக்கால் மணி நேர நாடகம் போடுகிறார்கள். ஒன்றைக்கூட விடமாட்டேன். அலுவலகத்தில், சில்வர் பீச்சில் நடக்க வரும் நண்பர்களிடம், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்று எல்லோரிடமும், “கட்டாயம் வாங்க, வயிறு வலிக்கச் சிரிப்பீங்க” என்று சொல்கிறேன். வந்தவர்களில் பலர் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரிய வருத்தம் என் மனைவிதான். தவறாமல் கூட்டிப்போகிறேன். ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார வைக்கிறேன். ஆனாலும் சிரிப்பே வருவதில்லை. மறுநாள் நல்ல வசனம் ஒன்றை ஞாபகப்படுத்தினால் “ம்” என்பாள். நாடகம் முடிந்ததும் நண்பர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வருவார்கள். சூடாக அடை சாப்பிட்டபடி பத்தரை மணி வரை நாடகத்தைப் பற்றியே பேசுவோம். அதிலும் அவள் கலந்துகொள்வதில்லை. நகைச்சுவை உணர்வே இல்லாதவருக்கு ரசனையை எப்படி ஊட்டுவது? மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய நல்ல சிறு நாடகங்களும் சொல்லுங்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு நாடகம் ஏதாவது போட்டால், மொழி தெரியாமல் போய்ப் பார்ப்பதில் பிரயோஜனம் உண்டா?

— பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். ஒன்று ஓரத்து நாற்காலி. இன்னொன்று சூடான அடை.

மஞ்சக்குப்பத்தில் நாடகம் முடிகிறது. நீங்களும் நண்பர்களும் வண்டியை எடுத்துக்கொண்டு கெடிலம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகுமா? வந்து உட்கார்ந்ததும் தட்டில் அடை விழுகிறது. அடை என்பது தோசை மாதிரி ஊற்றினோம், எடுத்தோம் என்கிற சமாச்சாரம் இல்லை. தடிமனாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, எண்ணெய் விட்டு, மூடி வைத்து, திருப்பிப் போட்டு வேகவிட வேண்டும். ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் கல்லின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. நின்றிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

ஆக, உங்கள் மனைவி நாடகம் முடியும் முன்பே எழுந்து போகிறார். யார் காலையும் மிதிக்காமல், யார் கண்ணையும் மறைக்காமல் போவதற்கு வசதியாகத்தான் அந்த ஓரத்து நாற்காலி. மனைவி மேல் அக்கறை என்கிற கணக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். வேறு காரணம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். இருக்காது.

‘என் கணவருக்கு ரசனை இல்லை’, ‘என் மனைவிக்குச் சிரிக்கத் தெரியவில்லை’ என்று வருகிற கடிதங்களுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமே கிடையாது. ரசனை மனத்துக்கு மனம் மாறும் என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. முடிவையே பார்க்க விடாமல் ஒருவரை அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் வசனத்தைச் சொல்லிப் பரீட்சை வைத்து, சிரிக்கவில்லை என்று பத்திரிகைக்கும் எழுதிப் போட்டிருக்கிறீர்கள். நியாயமா இது?

அதிலும் நீங்கள் பார்ப்பது குறுநாடகம். சபாக்களில் இரண்டரை மணி நேரம் ஓடும் நகைச்சுவை நாடகங்களைத் ‘துணுக்குத் தோரணம்’ என்று விமர்சகர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் ஒரு சௌகரியம் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், ஒவ்வொரு ஜோக்கும் தனித்தனியாகத் தொங்குகிறது. முக்கால் மணி நாடகத்தில் அது நடக்காது. ஒரு பொய், அல்லது காணாமல் போன ஒரு பொருள், அல்லது ஆள்மாறாட்டம். அதை முதல் பாதியில் முடிச்சுப் போடுவார்கள், இறுக்கிக்கொண்டே போவார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் அவிழ்ப்பார்கள். அதுவரை வந்த சிரிப்பெல்லாம் முன்பணம். அவிழ்வதைப் பார்க்காதவருக்கு மிஞ்சுவது வீண் சண்டையும் கூச்சலும்தான்.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியில் இருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று வடமொழியில் ஓரங்க நாடகம் எழுதினான். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போடச் சொன்ன பல்லவ ராஜா இவன்தான் என்பார்கள். அப்பர் மிதந்து வந்து சேர்ந்தது உங்கள் திருப்பாதிரிப்புலியூர். கரையேறவிட்டகுப்பம் என்று இன்றைக்கும் பக்கத்திலேயே ஊர் இருக்கிறது. அந்த ராஜாவும் இந்தக் குடிகாரக் கூத்தை எழுதிய ஆளும் ஒருவர்தான் என்று நினைக்கும்போது எனக்கு நாடகத்தைப் படிப்பதற்கு முன்பே சிரிப்பு வந்துவிடுகிறது.

கதை இதுதான். காஞ்சித் தெருவில் மண்டை ஓட்டில் பிச்சை எடுக்கும் சைவத் துறவி, காபாலிகன் ஒருவன், கூட அவன் துணைவி. இரண்டு பேரும் நல்ல போதை. பிச்சை வாங்குகிற கபால ஓட்டைக் காணோம். அதில் சுட்ட இறைச்சி இருந்ததாம். அப்படியானால் எடுத்தது ஒன்று நாய், இல்லாவிட்டால் புத்த பிக்கு என்று முடிவு கட்டுகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கு தன் பிச்சைப் பாத்திரத்தைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு வருகிறார். பிடித்துக்கொள்கிறான். வாக்குவாதம், அடிதடி, பஞ்சாயத்துக்குப் பாசுபதன் என்கிற வேறு பிரிவுச் சைவத் துறவி. கடைசியில் ஒரு பைத்தியக்காரன் நாயிடமிருந்து பிடுங்கிய ஓட்டோடு வருகிறான். அந்தப் பைத்தியம் வருவதற்கு முன் எழுந்து போனவரிடம் மறுநாள் நாடகம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். “இரண்டு சாமியார்கள் சண்டை போட்டார்கள்” என்பார். உங்கள் வீட்டு “ம்” என்பதற்கு அதுதான் அர்த்தம்.

கூத்து பார்க்கிற நம் கிராமத்துப் பெண்களை நினைத்துப் பாருங்கள். கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் கேலியில் ஆரம்பித்து விடியும்வரை பாயை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை மடியில் தூங்கும். நடுவில் எழுந்து போய் உலை வைக்கிற பேச்சே இருக்காது, ஏனென்றால் ஊரே சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கூத்துக்கு வந்து உட்காரும். அவர்களுக்குக் கிடைத்தது உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதை நான் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் வந்து நிற்பவரைச் சாப்பிடச் சொல்லாத வீடு எனக்கு ஆகாது, இதில் நான் பழைய ஆள்தான். ஆனால் அழைத்தவர் யாரோ அவர்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்ட நண்பர்களுக்காக மத்தியானமே அரிசியும் பருப்பும் ஊறப்போட்டு, அரைத்து வைத்துவிட்டு வந்து உட்காருகிறார் உங்கள் மனைவி. மேடையில் ஒருவன் கதவுக்குப் பின்னால் ஒளியும்போது அவர் மனது காஸ் தீர்ந்திருக்குமோ, சட்னிக்குத் தேங்காய் போதுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அப்புறம் நீங்கள் ஆறு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, அவர் பார்க்காத கட்டத்தைப் பற்றி அவர் காதுபடப் பேசிச் சிரிக்கிறீர்கள். கலந்துகொள்ளவில்லையாம்! எதை வைத்துக் கலந்துகொள்வது?

இன்னொன்று. அந்த நாலைந்து நண்பர்களுக்கும் வீட்டில் மனைவி இருப்பார்களே, அவர்கள் ஏன் வருவதில்லை? இதுவரை யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? மற்றவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறீர்கள், ஐந்து வீட்டுப் பெண்கள் உங்கள் பட்டியலில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இப்படிச் செய்யுங்கள். நண்பர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அடை கிடையாது. பசித்தால் வரும் வழியில் ஆளுக்கு நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளட்டும். அடைதான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், மாவு அரைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மனைவியை நடுவரிசையில் உட்கார வையுங்கள், ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள். தண்ணீர் பாட்டில் வாங்க யாராவது எழுந்து போக வேண்டும் என்றால் நீங்கள் போங்கள். நாடகம் ஓடும்போது அவர் சிரிக்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது. உங்கள் பெருந்தன்மையைப் பற்றி வீட்டில் அறிவிப்பும் வேண்டாம். இத்தனை வருஷம் தராததைத் தருகிறீர்கள், அவ்வளவுதான். முழுதாகப் பார்த்துவிட்டும் பிடிக்கவில்லை என்று சொன்னால், சரி என்று விட்டுவிடுங்கள். டிவி சீரியல் பார்த்து அழுவதுதான் அவருக்கு இஷ்டம் என்றால் அதற்கும் ஒரு சாயங்காலம் கொடுங்கள்.

சிபாரிசு விஷயம். ‘வயிறு வலிக்கச் சிரிப்பீங்க’ என்று சொல்லி அனுப்பினால், வந்தவர் வயிறு எப்போது வலிக்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிரிப்பு வாக்குக் கொடுத்து வரவழைக்கிற சரக்கு இல்லை. நல்ல வசனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது அதைவிடப் பாவம். “சின்ன நாடகம், முக்கால் மணி நேரம், ஒரு ஆள் ஒரு பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்கிறான்” என்று மட்டும் சொல்லுங்கள். ஆரம்பிக்கும் முன் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். குறுநாடகத்தில் பத்து நிமிடம் தாமதமாக வந்தவரும் பத்து நிமிடம் முன்னால் போனவரும் ஒரே ஜாதி.

எதைச் சொல்லலாம் என்றால், முதலில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் பெண் கேட்கும் நாடகம், 1888இல் எழுதியது. மூன்றே பாத்திரங்கள். லோமவ் என்கிற பண்ணையார் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாகப் பக்கத்துப் பண்ணையார் மகளைப் பெண் கேட்க வருகிறார். விஷயத்துக்கு வருவதற்குள் நடுவில் கிடக்கும் ஒரு புல்வெளி யாருடையது என்று பேச்சு திரும்பிவிடுகிறது. எங்களுடையது, இல்லை எங்களுடையது. அப்பாவும் சேர்ந்துகொள்கிறார். ஆளைத் துரத்திய பிறகுதான் அவன் பெண் கேட்க வந்தவன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. திரும்பக் கூட்டிவரச் சொல்லி ஒரே அழுகை. வந்தவுடன் யார் வீட்டு நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. மாப்பிள்ளை மயங்கி விழுந்து, செத்தே போனான் என்று எல்லோரும் நினைத்து, கண் திறந்த கையோடு அப்பா இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்துவிடுகிறார். சேர்ந்த கைகளோடு நாய்ச் சண்டை மறுபடி தொடங்குகிறது. வரப்புத் தகராறு இருக்கிற எந்த ஊரிலும் இந்த நாடகம் எடுபடும், நெல்லிக்குப்பத்தில் போட்டால் உள்ளூர்க் கதை என்பார்கள்.

நம் ஆட்களில் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், படித்து உத்தியோகம் பார்ப்பவர்களும் மேடை ஏறலாம் என்று வழி காட்டியவர். அவருடைய ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவன். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாகவும் எடுத்தார். படத்தைப் பார்த்தவர்கள் நாடகத்தைப் படிப்பதில்லை, நஷ்டம் அவர்களுக்குத்தான். உங்கள் மஞ்சக்குப்பத்து இளைஞர்களிடம் சொல்லுங்கள், ஒரு காட்சியைத் தனியாக எடுத்துப் போட்டாலே கூட்டம் நிற்கும்.

பிரெஞ்சு நாடகத்துக்கு மொழி தெரியாமல் போகலாமா என்று கேட்டீர்கள். பேச்சிலேயே ஓடுகிற நாடகம் என்றால் போகாதீர்கள், கொட்டாவிதான். மோலியேரின் ஸ்காபன் மாதிரி நாடகம் என்றால் தாராளமாகப் போங்கள். வேலைக்காரன் ஒரு கிழவரைப் பயமுறுத்திக் கோணிப்பைக்குள் ஒளிய வைத்து, குரலை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே தடியால் மொத்துகிற கட்டத்துக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை. சம்பந்த முதலியார் அதைத் தமிழாக்கி ‘காளப்பன் கள்ளத்தனம்’ என்று எழுதியிருக்கிறார். முதலில் அதை வாங்கி, இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படியுங்கள், காளப்பன் பாகம் உங்கள் மனைவிக்கு. அப்புறம் பாண்டிச்சேரிக்கு இரண்டே டிக்கெட் எடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறுங்கள்.