கிரீன் கார்டும் கைத்துப்பாக்கியும்: அந்த மாதச் சந்தாவைக் கட்டலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஸ்பான்ஸர் செய்து போன வருடம் கிரீன் கார்டில் ஹூஸ்டன் வந்தீர்கள். உறவினரின் கேஸ் ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட். பயமாக இருக்கிறதென்று துப்பாக்கி லைசென்ஸ் வகுப்புக்குப் போனீர்கள். வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு படிவத்தை நீட்டி, மாதாமாதம் சந்தா கட்டினால் நாளைக்குச் சுட நேர்ந்தாலும் வக்கீல் செலவு கம்பெனியுடையது என்றார். கட்டலாமா?

கட்டலாம். நானும் கட்டுகிறேன். ஆனால் நம்மைப் போல வந்தவர்களுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை அவர் சொல்லியிருக்க மாட்டார். அவர் மேல் தப்பில்லை. அவர் வகுப்பில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள்.

முதலில் உங்கள் ரூம்மேட். எஃப்1 மாணவர் என்று எழுதியிருந்தீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஹெச்1பி, ஹெச்4, எல்1, எஃப்1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுக்கச் செல்லும் மத்திய அரசுச் சட்டப்படி, குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. 2022க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 வருடம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே பொது இடத்தில் கைத்துப்பாக்கியோடு போகலாம் என்று சட்டம் வந்தபோது, நம் ஆட்களிலேயே சிலர் அது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். மாநிலச் சட்டத்தால் ஃபெடரல் தடை போகாது. ஆகவே பூட்டு போட்ட பெட்டி வாங்குங்கள், அதன் நம்பர் அவருக்குத் தெரிய வேண்டாம். சும்மா பிடித்துப் பார் என்று கையில் கொடுப்பதும் வேண்டாம்.

அப்புறம் கடை முதலாளி. உறவினர்தான், இருந்தாலும் வேலை நேரத்தில் இடுப்பில் துப்பாக்கி வைக்க அவர் சம்மதம் வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள்.

இனி திட்டம். எல்லாவற்றையும் ஜனங்கள் 'கன் இன்சூரன்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள், உள்ளே மூன்று விதம் இருக்கிறது. ஹூஸ்டனைத் தலைமையகமாகக் கொண்ட யு.எஸ். லாஷீல்டு போன்றவை முன்பணச் சட்டச் சேவை. சந்தா கட்டினால் வக்கீல் வைத்துத் தருவார்கள், எதிராளி சிவில் வழக்கில் ஜெயித்தால் அந்த இழப்பீட்டை அவர்கள் கட்ட மாட்டார்கள். யுஎஸ்சிசிஏ என்ற விஸ்கான்சின் அமைப்பில் உறுப்பினரானால், அந்த அமைப்பு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எடுத்திருக்கும் பாலிசியின் கீழ் நீங்கள் வருவீர்கள். இழப்பீட்டுக்கும் ஓர் உச்சவரம்பு வரை பணம் உண்டு. மூன்றாவது, வாஷிங்டன் மாநிலத்தில் 2008ல் ஆரம்பித்த ஆர்ம்டு சிட்டிசன்ஸ் லீகல் டிஃபென்ஸ் நெட்வொர்க் மாதிரி. இன்சூரன்ஸே இல்லை, உறுப்பினர்கள் பணத்தில் சேர்ந்த நிதி. ஏறக்குறைய நம் ஊர்ச் சங்க நிதிதான்.

இன்சூரன்ஸ் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேண்டுமென்றே செய்த காரியத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்பது பழைய கொள்கை. தற்காப்புக்காகச் சுட்டாலும் வேண்டுமென்றுதானே சுட்டோம்? இந்தக் காரணத்தையும் சொல்லித்தான் நியூயார்க் மாநிலம் 2018ல் என்ஆர்ஏ என்ற துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் 'கேரி கார்டு' என்ற இதே மாதிரித் திட்டத்தை நடத்திய லாக்டன் என்ற தரகுக் கம்பெனிக்கு 70 லட்சம் டாலர் அபராதம் போட்டது. டெக்சாஸில் அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் பாலிசிக்குள் விலக்குகள் இருக்கும்: குடித்திருந்தால் கிடையாது, துப்பாக்கி கொண்டுபோகக் கூடாத இடத்தில் நடந்தால் கிடையாது, வீட்டு ஆளைச் சுட்டால் பல பாலிசிகளில் கிடையாது. லூசியானாவில் 2018ல் பிரிந்து வாழ்ந்த கணவரைச் சுட்ட ஒரு பெண் இப்படியொரு திட்டத்தில் உறுப்பினர். தற்காப்பு என்றார். கம்பெனி செலவை ஏற்க மறுத்தது, 2022ல் கொலைக் குற்றம் உறுதியானது. நடந்தது தற்காப்புதானா என்று முதலில் தீர்மானிப்பவர் யார், நீங்களா கம்பெனியா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். தண்டனையானால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்பதையும்.

என் முதல் திட்டத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். இரண்டு வருடம் கழித்து, காரில் லூசியானா போகிறபோதுதான் அது டெக்சாஸுக்குள் மட்டும் என்று தெரிந்தது. பக்கத்து மாநிலத்துக்குத் தனிச் சந்தாவாம்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். என் நண்பர் ஒருவர், கிரீன் கார்டுக்காரர், பார்க்கிங்கில் ஒருவன் கம்பியோடு வந்தபோது துப்பாக்கியை வெளியே எடுத்துக் காட்டினார். சுடவில்லை. வந்தவன் ஓடிப்போய் முதலில் போலீஸ் அவசர எண் 911க்குப் போன் செய்துவிட்டான். முதலில் போன் செய்தவன் புகார்தாரர், நம்மவர் சந்தேக நபர். கைவிலங்கு, கவுன்ட்டி ஜெயில். திட்டத்தின் 24 மணி நேர எண் அவர் பர்ஸில் இருந்த கார்டில் இருந்தது. பர்ஸும் போனும் ஜெயில் கவுன்ட்டரில் பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டன. அவருக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் மனைவியுடையது. அந்தம்மாவுக்கு இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாது. ராத்திரி முழுக்க அவர் மேசை டிராயர்களைக் கவிழ்த்துத் தேடினார்.

விடிந்ததும் வக்கீல் வந்தார், நல்ல வக்கீல். சில மாதம் கழித்து அரசுத் தரப்பு பேரத்துக்கு வந்தது: குற்றத்தைச் சின்னதாக்கி 'டிஃபர்டு அஜுடிகேஷன்', அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டால் தீர்ப்பைத் தள்ளிவைப்பார்கள். நன்னடத்தையோடு இருந்தால் தண்டனையே பதிவாகாது. கையெழுத்துப் போடலாம் என்றார் வக்கீல். இங்கே பிறந்தவருக்கு அது அருமையான பேரம். குடியேற்றச் சட்டத்திலோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு நீதிபதி ஏதாவது நிபந்தனை விதித்துவிட்டால் அதுவும் தண்டனைதான். துப்பாக்கி சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை என்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடுகடத்தலாம். தற்செயலாக வேறொரு நண்பர் சொல்லி, நம்மவர் தன் கைக்காசில் குடியேற்ற வக்கீலைப் பார்த்தார். அவர் படித்துவிட்டுப் போட்ட சத்தம் எனக்கு வெளியே காத்திருந்த இடத்தில் கேட்டது. அந்தக் கட்டணத்தைத் திட்டம் தரவில்லை, குற்ற வழக்கு மட்டும்தான் என்றார்கள். பேரத்தை மறுத்து, கடைசியில் வழக்குத் தள்ளுபடியானது.

பேரத்தால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று சொல்வது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்று 2010ல் படில்லா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. அதற்காக அவர் வாயாலே வரும் என்று காத்திருக்காதீர்கள், முதல் நாளே கேளுங்கள். வழக்குத் தள்ளுபடியானாலும் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் கைதைச் சொல்லியே ஆக வேண்டும். கோர்ட் பேப்பர் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆகவே அந்தப் பயிற்சியாளரிடம் விளம்பரத் தாள் வேண்டாம், முழு ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். துப்பாக்கியைக் காட்டினது மட்டும் என்றால் பாதுகாப்பு உண்டா, பெயில் பாண்டுக்கு, அதாவது நமக்காக ஜாமீன் கட்டும் ஏஜென்டின் கட்டணத்துக்கு, பணம் உண்டா, குடியேற்ற வக்கீல் செலவு உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றரை லட்சம் டாலர் பெயில் என்றால் பாண்டு ஏஜென்டுக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் போகும், அது திரும்பி வராது. மூன்றாவது கேள்விக்கு அநேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். வந்தால், சந்தாவோடு நிறுத்தாமல் ஒரு குடியேற்ற வக்கீலை இப்போதே ஒரு மணி நேரம் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவர் எண்ணையும் திட்டத்தின் எண்ணையும் அக்காவிடம் கொடுங்கள், நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள். என் மனைவி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.