9,900 என்று அச்சடித்த செல், 40 நிமிடத்தில் அணைந்த விளக்கு

கேள்வி: கோவையில் ஒரு மில்லில் இரவு ஷிப்ட் வேலை. சைக்கிளில் வீடு திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். வழியில் பாதித் தூரம் தெருவிளக்கு கிடையாது. மூன்று வோல்ட் சொச்சத்தில் 3 ஆம்பியர் இழுக்கும் 10 வாட் எல்இடி, அதற்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் டிரைவர் போர்டு, லென்ஸ், அலுமினிய ஹீட்சிங்க் எல்லாம் சேர்த்து நானே ஒரு விளக்கு செய்தேன். ஆன்லைனில் '9,900 எம்ஏஹெச்' (செல்லில் அடங்கும் மின்சாரத்தின் அளவு; ஆயிரம் எம்ஏஹெச் ஒரு ஆம்பியர்-அவர்) என்று போட்டு விற்ற 18650 லித்தியம் செல் இரண்டை வாங்கி சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தேன். முழு சார்ஜ் ஏற்றினாலும் 40 நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. கோளாறு எல்இடியிலா, டிரைவரிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, செல்லில்தான். நீங்கள் சொன்ன 40 நிமிடத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். எல்இடிக்கு 10 வாட். டிரைவரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 12 வாட் போகிறது. 40 நிமிடத்துக்கு 8 வாட்-அவர் (வாட்டை மணிக்கணக்கால் பெருக்கினால் வருவது). இரண்டு செல் சீரீஸில் 7.4 வோல்ட். 8-ஐ 7.4-ஆல் வகுத்தால் 1.1 ஆம்பியர்-அவர் வருகிறது. அதாவது ஒவ்வொரு செல்லிலும் உண்மையில் இருப்பது 1,100 எம்ஏஹெச் அளவுதான். அச்சடித்தது நிஜமாக இருந்திருந்தால் உங்கள் விளக்கு ஆறு மணி நேரம் எரிந்திருக்க வேண்டும்.

18650 என்பது வெறும் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த உருளைக்குள் பெரிய நிறுவனங்களே 3,500 எம்ஏஹெச் அளவுக்குத்தான் அடைக்க முடிந்திருக்கிறது. ஆகவே 5,000, 6,800, 9,900 என்று எது போட்டிருந்தாலும் பொய். விலையைப் பார்க்கக்கூடத் தேவையில்லை, அந்த எண்ணைப் பார்த்ததுமே நகர்ந்துவிடலாம். எடையும் காட்டிக்கொடுக்கும். நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். நகைக்கடைத் தராசிலோ சமையலறை டிஜிட்டல் தராசிலோ வைத்து, 35 கிராம் என்று காட்டினால் அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. எடை சரியாக இருந்தாலே அசல் என்று சொல்லிவிட முடியாது. பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து, புது உறை போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி என்ன வாங்குவது? கடையில் எம்ஏஹெச் கேட்காதீர்கள், வாட்-அவர் கணக்கோடு போங்கள். ஒரு மணி நேரப் பயணம், மழையில் ஒதுங்கி நின்றால் இன்னும் கொஞ்சம், ஒருநாள் சார்ஜ் போட மறந்தால் மறுநாளுக்கும் வேண்டும். 36 வாட்-அவர் இருந்தால் முழு வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் தாங்கும். 2,500 எம்ஏஹெச் செல் நான்கை, இரண்டிரண்டாக பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்த்து, அந்த இரு ஜோடிகளை சீரீஸில் இணைத்தால் இது கிடைக்கும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்றாக வாங்கியவையாக இருக்கட்டும். செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் வைக்காதீர்கள், சூடு உள்ளே போய் செல்லைக் கெடுக்கும். பேட்டரி பேக் கட்டிக் கொடுக்கும் கடைகளில் ஸ்பாட் வெல்டிங் செய்து தருவார்கள்.

பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டு இல்லாமல் இந்த பேக்கை ஓட்டவே கூடாது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல், அடிவரை இறங்காமல், ஷார்ட் ஆனால் துண்டிக்க என்று அதற்கு மூன்று வேலை. சார்ஜர், லித்தியத்துக்கென்றே வரும் 8.4 வோல்ட் சார்ஜராக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கிற 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டுத் தூங்கப் போவதுதான் தீப்பிடிக்கிற வழி.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வேறு. சைக்கிள் வெயிலில் நிற்கும் ஸ்டாண்டில் கிடக்கும் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லைப் பாருங்கள். 32650 என்ற பருமனான வகை, 3.2 வோல்ட், 6,000 எம்ஏஹெச். சோலார் தெருவிளக்குகளில் நிறையப் போடுகிறார்கள், அதனால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடினால் கிடைக்கும். இரண்டை சீரீஸில் போட்டால் 6.4 வோல்ட், 38 வாட்-அவர். கொஞ்சம் கனம்தான். ஆனால் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். இதற்கான பிஎம்எஸ், சார்ஜர் இரண்டும் தனி; சார்ஜர் 7.3 வோல்ட். பழைய 8.4-ஐ இதில் மாட்டிவிடாதீர்கள். உங்கள் டிரைவர் 6 வோல்ட்டிலும் ஓடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. முழு 10 வாட் எப்போதும் தேவையில்லை. ஊருக்குள் பாதிக்கும் கீழே குறைத்து வைத்தால் எதிரே வருகிறவரும் திட்டமாட்டார், பேட்டரியும் இரட்டிப்பு நேரம் வரும்.

கேள்வி: யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி சும்மா கிடக்கிறது. கேரியரில் கட்டி 10 வாட் எல்இடி எரிக்கலாமா?

பதில்: எரியும். இரண்டு கிலோவுக்கு மேல் எடையையும் சேர்த்து மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். டீ கேன் கட்டி விற்கிறவருக்கு அது ஒரு பாரமே இல்லை, உங்களுக்கு எப்படியோ. ஆனால் யுபிஎஸ்ஸிலிருந்து ஏன் கழற்றினீர்கள்? பேக்கப் நிற்கவில்லை என்றுதானே! அப்படியானால் சைக்கிளிலும் நிற்காது. நல்ல பேட்டரியாக இருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஈய பேட்டரி சீக்கிரம் சாகும். கடையில் '12 வோல்ட் 10 வாட் சிப்' என்று விற்பதை நேராக இணைக்க வேண்டாம், நடுவில் டிரைவர் வேண்டும். பிளஸ் ஒயரில் ஒரு ஃபியூஸும் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பவர் பேங்க் போதாதா?

பதில்: பலருக்கு அதுவே போதும். 5 வோல்ட், 2 ஆம்பியர் வெளியீடு என்றால் 10 வாட். விளக்கை 7, 8 வாட்டுக்குள் வைத்துக்கொண்டால் சிரமமில்லாமல் ஓடும். பாதுகாப்பு சர்க்யூட், சார்ஜிங் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. 10,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டாக வெளியே வருவது அதைவிடக் குறைவு. பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று 6,000 சொச்சம் போட்டிருக்கும். அதைத்தான் நம்ப வேண்டும். 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு சரிபார்க்கலாம். பலவீனம் மழைதான். பவர் பேங்கை ஹேண்டில்பாரில் கட்டாமல், பிரேமில் மாட்டும் பைக்குள் போடுங்கள்.

கேள்வி: என்னிடமும் அதே '9,900' செல் இருக்கிறது. 'உறையைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்பவர். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். பாக்கெட்டைப் பிரித்து, மாட்டிப் பார்த்தால்தானே போலி என்று தெரியும்? விற்பனைப் பக்கத்தில் 9,900 என்று இருப்பதை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் போனதும் அந்தப் பக்கம் மாறிவிடும். செல்லை முழு சார்ஜிலிருந்து இறக்கி அளவு காட்டும் டெஸ்டர் தெரிந்த மெக்கானிக்கிடம் இருந்தால், அது காட்டுவதை வீடியோ எடுங்கள். தராசில் வைத்த படமும் இருக்கட்டும். முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், அடுத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். புகார் முடிகிற வரை செல்லைத் தூக்கிப் போடாமல், இரு முனையிலும் டேப் ஒட்டி வையுங்கள்.