ஜகார்த்தாவின் இடமாற்றத்தை மக்கள் ஏன் சந்தேகிக்கிறார்கள்?

இந்தோனேசியத் தலைநகரான ஜகார்த்தா அமிழ்ந்து வருகிறது; அதன் இடமாற்றத்தைப் பற்றிய சந்தேகம் கடல்மட்டம் உயர்வதை மறுப்பதால் எழுவதல்ல. 2019இல் இந்தோனேசிய அரசு அறிவித்தது, போர்னியோத் தீவில் அமையும் புதிய நகருக்குத் தலைநகரை மாற்றுவதைத்தான். அமைச்சுகளும் அதிகாரிகளும் போகலாம், வடக்கு ஜகார்த்தாவின் கரையோர ஏழைகளோ அங்கேயே இருப்பார்கள். நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சுவதே நகரம் அமிழ்வதற்குப் பெரிய காரணம் என்பதால், குழாய்நீரை ஒழுங்காக வழங்காமல் புதிய நகரம் எதற்கு என்று கேட்பதும் நியாயமே.

இலங்கை மலையகத்தில் நமக்கு இது புதிதல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் முன்பே எச்சரிக்கப்பட்டும், மாற்றுக் காணியும் வீடும் கிடைக்காத தோட்டக் குடும்பங்கள் வரிசைக் குடியிருப்புகளான லயங்களிலேயே தங்கியிருந்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து அந்த லயங்களைப் புதைத்தது. வெளியேறச் சொல்வதற்கு ஒரு கடிதம் போதும். எந்த இடம், யார் பெயரில் காணி உறுதி, அங்கே என்ன தொழில் என்பவற்றுக்கு விடை இல்லாதவரை, தயங்குவோரை அறியாதவர்கள் என்று நான் கருதமாட்டேன்.