ராம்யன் கம்பெனிக்கு எதற்கு ஒரு அணி?

கேள்வி: தென்கொரியாவில் ராம்யன் நூடுல்ஸ் விற்கும் நோங்ஷிம் கம்பெனி 'ரெட்ஃபோர்ஸ்' என்ற பெயரில் ஒரு வீடியோ கேம் அணி வைத்திருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகன் லீவு நாளில் மதியம் முழுக்க அவர்கள் ஆட்டத்தைத்தான் பார்க்கிறான். நூடுல்ஸ் விற்பதற்குக் கண்டுபிடித்த ஒரு வழி, அதற்கு விளையாட்டு என்று ஒரு பெயர். இதற்கு உங்கள் பத்திரிகையும் பக்கம் ஒதுக்குவது நியாயமா?

பதில்: விளம்பரம்தான். அதை யாரும் மறைக்கவில்லை. அணியின் பெயரிலேயே கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஷின் ராம்யன் பாக்கெட்டின் சிவப்புதான் அணிக்கும் நிறம். ஆனால் விளம்பரம் என்பதால் விளையாட்டே இல்லை என்று அடுத்த வரியில் ஒரே தாவாகத் தாவுகிறீர்களே, அங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை.

அந்த ஊர்ப் பேஸ்பாலைப் பாருங்கள். கொரியாவில் தொழில்முறை லீக் 1982-ல் தொடங்கியபோதே அதில் இரண்டு தின்பண்டக் கம்பெனிகளின் அணிகள் இருந்தன. ஒன்று பூசானின் லோட்டே ஜயண்ட்ஸ், இன்னொன்று குவாங்ஜுவின் ஹைதாய் டைகர்ஸ். பின்னால் ஐஸ்க்ரீம் கம்பெனியான பிங்கரேயும் ஈகிள்ஸ் என்று ஓர் அணியோடு வந்தது. ஜப்பானில் யாகுல்ட் ஸ்வாலோஸ் இருக்கிறது, இறைச்சிக் கம்பெனியான நிப்பான் ஹாமின் ஃபைட்டர்ஸ் இருக்கிறது. பிஸ்கட்டும் சாக்லேட்டும் விற்ற ஹைதாயின் அணி 1983-க்கும் 1997-க்கும் இடையில் 9 முறை கோப்பை வென்றது. குவாங்ஜு மக்களிடம் போய், அது பிஸ்கட் விற்கும் வழி, அதற்குப் போய் அழுதீர்களா என்று கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோங்ஷிமுக்கும் இது புதுப் பழக்கம் இல்லை. அதன் நிறுவனர் ஷின் சூன்-ஹோ, லோட்டேயை உருவாக்கிய ஷின் கியூக்-ஹோவின் தம்பி. ராம்யன் தொழில் வேண்டாம் என்று அண்ணன் தடுத்தும் கேட்காமல் 1965-ல் தனியாக இறங்கியவர். 1999-லிருந்து இந்தக் கம்பெனி 'நோங்ஷிம் ஷின் ராம்யன் கோப்பை' என்ற பெயரில் பாதுக் போட்டி நடத்துகிறது. பாதுக் என்பது ஜப்பானியர் கோ என்று சொல்லும் அதே கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டம். கொரியா, சீனா, ஜப்பான் மூன்று நாடுகளும் ஆளுக்கு ஐந்து பேரை அனுப்பும், ஜெயித்தவர் தோற்கும்வரை உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருப்பார். 2005-ல் ஷாங்காயில் முடிந்த போட்டியில், கொரியத் தரப்பில் மிச்சம் இருந்த ஒரே ஆளான லீ சாங்-ஹோ, சீன ஜப்பான் வீரர்கள் ஐந்து பேரை வரிசையாகத் தோற்கடித்தார். 2024-ல் அதே மாதிரி தனியாளாக நின்ற ஷின் ஜின்-சோ ஆறு பேரை வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுவந்தார். சீனச் சந்தையில் நூடுல்ஸ் பெயர் பரவ வேண்டும் என்ற கணக்கு கம்பெனிக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவே இல்லை. அதனால் லீ சாங்-ஹோ வைத்த ஒரு காயாவது மதிப்புக் குறைந்துபோனதா?

சரி, பாதுக்கிலிருந்து கம்ப்யூட்டர் கேமுக்கு ஏன் வந்தார்கள்? கொரியாவின் பிசி பாங்குக்குள் போனால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பிசி பாங் என்பது மணிக்கணக்குக்குப் பணம் கட்டிக் கேம் ஆடும் கடை. ஸ்க்ரீனிலேயே ஆர்டர் கொடுத்தால் சுடச்சுட ராம்யன் மேஜைக்கு வரும், ஒரு கையில் சாப்ஸ்டிக், இன்னொரு கையில் மவுஸ். பல கடைகளுக்குக் கேம் கட்டணத்தைவிடச் சாப்பாட்டில்தான் லாபம். காரோ இன்சூரன்ஸோ விற்கிறவர்கள் இந்த விளையாட்டுக்குள் வரும்போது, இந்தப் பையன்கள் என்றாவது ஒருநாள் வாடிக்கையாளர் ஆவார்கள் என்ற எதிர்பார்ப்போடு வருகிறார்கள். ராம்யன் கம்பெனிக்கு அவர்கள் இன்றைக்கே வாடிக்கையாளர்கள். முதலாளியாக இருக்க இதைவிட நேரடியான காரணம் வேறு யாருக்கும் கிடையாது என்றே நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கம்பெனி ஏன் வந்தது என்று அல்ல. தோற்கும்போதும் இருக்குமா, பணம் இறுகும்போதும் இருக்குமா, போகும்போது பையன்களை எந்த நிலையில் விட்டுப் போகும்? எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் நடந்தவை நல்லதாக இல்லை.

ஹைதாய் 1997 அக்டோபரில் ஒன்பதாவது கோப்பையைத் தூக்கியது. அடுத்த மாதமே ஹைதாய் குழுமம் கடன் கட்ட முடியாமல் விழுந்தது. அடுத்த ஆண்டில் நட்சத்திரம் லீ ஜோங்-போம் ஜப்பானுக்குப் போனார், பந்துவீச்சாளர் இம் சாங்-யோங் சாம்சங்குக்குப் போனார், 2001-ல் அணியையே கியா வாங்கிக்கொண்டது. ஈஸ்போர்ட்ஸ் என்கிற வீடியோ கேம் போட்டிகளில் இன்னும் மோசம். 2011-ல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கேமின் லீக்கில் ஹ்வாசுங், எம்பிசி, வீமேட் என்று மூன்று கம்பெனிகளின் அணிகள் அடுத்தடுத்துக் கலைக்கப்பட்டன. கதியில்லாமல் நின்ற வீரர்களில் சிலரைச் சேர்த்து, கொரிய ஈஸ்போர்ட்ஸ் சங்கமே எட்டாவது அணி என்று ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. இன்னொரு உணவுக் கம்பெனியின் கதையும் உண்டு. 1953-ல் சர்க்கரை ஆலையாகத் தொடங்கிய சிஜே குழுமம் 2006-ல் ஓர் அணியை வாங்கி சிஜே என்டஸ் என்று பெயர் வைத்தது. ஸ்டார்கிராஃப்டிலும் பிறகு லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் என்ற கேமிலும் அதற்கு எத்தனை ரசிகர்கள்! 2016-ல் அந்தக் கேமின் கொரிய முதல் பிரிவு லீக்கான எல்சிகேவிலிருந்து கீழே இறங்கியது, திரும்ப ஏற முடியவில்லை, கடைசியில் அணியே இல்லாமல் போனது. போட்டிகளை ஒளிபரப்பும் டிவி சேனலையே கையில் வைத்திருந்த குழுமம் அது. அதுவே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல.

இதில் பேஸ்பாலுக்கு இல்லாத இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பேஸ்பால் என்ற ஆட்டம் யாருக்கும் சொந்தம் இல்லை. கேம் ஒரு கம்பெனியின் சொத்து. ரெட்ஃபோர்ஸில் 2021-ல் ஆடிய ரிச் என்ற வீரர் அதற்கு முன் 'ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்' என்ற கேமில் உலக சாம்பியன். 2018 நவம்பரில் ஜென்ஜி அணியோடு பட்டம் வென்றார். டிசம்பரில், கேமைத் தயாரித்த ப்ளிஸார்ட் இனி லீக்கே கிடையாது என்று அறிவித்துவிட்டது. வென்று இரண்டு மாதம் ஆவதற்கு முன் அவர் வேலை காணாமல் போனது. ரிச் வேறு ஒரு கேமை அடியிலிருந்து கற்று, இரண்டாம் பிரிவில் ஆடி, திரும்ப மேலே வந்தார். அவரால் முடிந்தது. கூட இருந்த எல்லோராலும் முடியவில்லை. கொரிய இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வேறு இருக்கிறது, அதனால் அவர்களுடைய ஆட்டக்காலமே சில வருடங்கள்தான். அதில் ஒரு வருடம் போனாலும் திரும்பக் கிடைக்காது.

ரிச் மேலே வந்த அந்த அணிதான் டீம் டைனமிக்ஸ். 2020-ல் தகுதிச் சுற்றின் வழியாக எல்சிகேவுக்குள் நுழைந்தது. அதே சுற்றில் கீழே விழுந்த அணி கிரிஃபின். 2019-ல், சட்டப்படி இன்னும் மேஜர் ஆகாத ஒரு வீரரை அநியாயமான நீண்ட ஒப்பந்தத்தில் தள்ளப் பார்த்த விவகாரத்தில் சிக்கி நாடே கொந்தளித்ததே, அதே கிரிஃபின். அதிபர் மாளிகையின் இணையதளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தால்தான் 2020-ல் அரசு, வயது குறைந்த வீரர்களுக்கும் சேர்த்து மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது. 2021-ல் எல்சிகே நிரந்தர அணிகளைக் கொண்ட லீக்காக மாறியபோது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2 கோடி வோனிலிருந்து 6 கோடி வோனாக உயர்ந்தது. நோங்ஷிம் டைனமிக்ஸை வாங்கி லீக்குக்குள் வந்த நேரம் இது. கம்பெனியின் நல்ல மனசை நம்பி எதுவும் நடக்கவில்லை. ரசிகர்கள் சண்டை போட்டார்கள், சட்டம் வந்தது, அப்புறம்தான் இந்த மாற்றங்கள். இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், அவன் ஆட்டத்தைப் பார்ப்பதும் பேசுவதும் வீண் இல்லை.

நோங்ஷிம் எப்படி நடந்துகொண்டது? 2021 கோடையில் பீனட் என்ற வீரரும் ரிச்சும் இருந்த அணி லீக் சுற்றில் மூன்றாம் இடம் பிடித்தது, ஆனாலும் உலகப் போட்டிக்குப் போக முடியவில்லை. 2022-ல் உலக சாம்பியன் கோஸ்ட், பிடிடி, கன்னா என்று பெரிய பெயர்களை வாங்கிக் குவித்தார்கள், இரண்டு பருவத்திலும் ப்ளேஆஃப் கிடையாது. 2023-ல் தங்கள் இளையோர் அணியின் ஐந்து பேரையும் அப்படியே மேலே ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் பட்டியலின் அடியில் கிடந்து அடி வாங்கினார்கள். தூக்கிவிட ஒரு அனுபவசாலியைக்கூடப் பக்கத்தில் வைக்காமல் அவர்களை இறக்கியது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை, அது சிக்கனத்துக்கு வளர்ப்பு என்று பெயர் வைத்த வேலை. ஆனால் கம்பெனி அணியை விட்டு ஓடிவிடவில்லை. 2025-ல் கிங்கென், லெஹெண்ட்ஸ் போன்ற அனுபவசாலிகளோடு லீக்கின் மேல்பாதிக்கு வந்தது, வேலொரன்ட் கேமிலும் ஓர் அணியை எடுத்து நடத்துகிறது. நிரந்தர லீக்கில் தோற்றாலும் வெளியே தள்ளமாட்டார்கள் என்ற பாதுகாப்பு அவர்களுக்கு இருந்தது உண்மை. சிஜேவுக்கு அது இருக்கவில்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு நான் பாஸ் மார்க் போடுவேன், அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

நூடுல்ஸ் விஷயத்தில் உங்கள் கவலை வேறு இடத்தில் நியாயமானது. ஷின் ராம்யன் ஒரு பாக்கெட்டில் 1,700 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார்க்கிறவர்களில் பெரும்பகுதி வளரும் பிள்ளைகள் என்று தெரிந்தே அந்தப் பாக்கெட்டைக் காட்டும் விளம்பரத்தைப் பற்றி லீக்கும் கம்பெனியும் பேசித்தான் ஆக வேண்டும், நானும் எழுதுவேன். மகனை ஆட்டம் பார்க்க விடுங்கள், பார்க்கும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

பக்கம் ஒதுக்குவது தொடரும். யார் ஜெயித்தார்கள் என்பதோடு, யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இளையோர் அணியிலிருந்து விலக்கப்பட்ட பையன்கள் எங்கே போனார்கள் என்பதையும் இனி அதே பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.