பூட்டிய வீடு, புதர் மண்டிய மனை: கேள்வி பதில்

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பம்): தெருவில் பல வருடமாகப் பூட்டிய வீடு. சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சொந்தக்காரர் யாரென்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: டவுன் சர்வே எண்ணில். அதை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள். கடைசிப் பத்திரத்தின் எண் வரும். பத்திர நகலில் முகவரி இருக்கும். பாகம் பிரிக்காத தாத்தா சொத்தென்றால் வில்லங்கத்தில் ஒன்றும் வராமல் போகலாம். தெருப் பெரியவர்களைக் கேளுங்கள், ஒரு பங்காளியாவது அகப்படுவார்.

சாய்ந்த சுவருக்கு அதுவரை பொறுக்க வேண்டாம். ஐப்பசி மழையில் செங்கல் ஊறினால் ஒரே இரவில் போய்விடும். மாநகராட்சி ஆணையருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 152ஆம் பிரிவின்படி (பழைய சி.ஆர்.பி.சி. 133) விழும் நிலையிலுள்ள கட்டடத்தை இடிக்கவோ முட்டுக் கொடுக்கவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். பாதையோரத் திறந்த கிணற்றுக்கு வேலி போட வைப்பதும் இதே பிரிவுதான். மனுவில் ‘பார்க்க அசிங்கம்’ என்று எழுதாதீர்கள். சுவரின் உயரம் எத்தனை அடி, சாய்வு எத்தனை அங்குலம், அந்த வழியே போவது யார், தேதியோடு படம்: இவை போதும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி (புதுப்பாளையம்): மனை முழுக்கப் பார்த்தீனியம், சீமைக்கருவேலம். ஞாயிறன்று எல்லோரும் இறங்கலாமா?

பதில்: உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வந்தபின். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கையில், கையுறையோடு வேரோடு பிடுங்குங்கள். மிச்சத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயிலில் இலை நனையத் தெளியுங்கள். வேண்டிய செடி பக்கம் கொண்டுபோகாதீர்கள். கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரைத் தோண்டுங்கள். எதையும் கொளுத்தாதீர்கள்.

கேள்வி (முதுநகர்): 12 வருடம் நாங்களே பராமரித்தால் மனை எங்கள் தெருச் சங்கத்துக்குச் சொந்தமாமே?

பதில்: ஆகாது. அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராக நெடுங்காலம் அனுபவித்து உரிமை பெறுவது) ஆகாது.

அவரே: வரி ரசீது எங்கள் பேரில் இருந்தால்?

பதில்: வரி ரசீது பத்திரமல்ல. இந்தப் பேச்சு காதில் விழுவதால்தான் வெளியூர் மனைக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். சம்மதக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்: ‘தங்கள் அனுமதியின் பேரில் மட்டும், 11 மாதத்துக்கு; எந்த உரிமையும் கோர மாட்டோம்; கேட்ட அன்றே விலகுவோம்.’ பயம் தெளிந்தால் சாவியே கிடைக்கலாம்.

செம்மண்டலம் வாசகர்: சும்மா கிடக்கிற நிலந்தானே சார், அவர் கேட்டதில் என்ன தப்பு?

பதில்: உங்கள் மொட்டைமாடியும் சும்மாதான் கிடக்கிறது. நான் வத்தல் காயப்போட்டுவிட்டுப் பாத்தியம் கேட்கட்டுமா?

கேள்வி (புதுச்சேரி): எங்களுக்கும் இதே நடைமுறையா?

பதில்: 152 பொது. நகராட்சிச் சட்டம் வேறு, உங்கள் நகராட்சியில் கேளுங்கள்.

கேள்வி: பூட்டிய வீட்டில் தண்ணீர் தேங்கிய தொட்டியைக் கவிழ்த்தும் கொசு குறையவில்லையே?

பதில்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தொட்டியின் உள்சுவரில் ஒட்டி, காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டால் பொரியும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: சம்மதம் கேட்காமல் சுத்தம் மட்டும் செய்துவிட்டால்?

பதில்: மேலே புதுப்பாளையத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: புதரில் பாம்பு இருந்தால்?

பதில்: கம்பை எடுக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.